மூன்றாவது ஸ்கோப்பும் வளைந்திருந்தது

பறவை பார்ப்பதற்காக அடுத்தடுத்து மூன்று ஸ்கோப், அதாவது ஒற்றைக் கண் தொலைநோக்கி, வாங்கினேன். மூன்றையும் குறை சொன்னேன், இரண்டைத் திருப்பியும் அனுப்பினேன். மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. குறை என் வலது கண்ணில் இருந்தது. இதைக் கடைசியில் சொன்னால் கதை சுவாரசியமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் அந்தக் கண்ணை நம்பி நான் ஒருவரின் வேலையைப் பறித்திருக்கிறேன். அதில் சுவாரசியம் பார்க்க எனக்கு மனசில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஷீட் பார்ப்பது என் வேலை. பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிற கம்பெனி. நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் இருக்கும். நான்கு நிறத்துக் குறிகளும் ஒரே குறியாகத் தெரிந்தால் ரெஜிஸ்டர் சரி. விலகியிருந்தால் லேபிளில் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிற குழந்தைக்கு இரண்டு வாய் வந்துவிடும். வலது கண்ணில் சிறு லென்ஸை ஒட்டி வைத்துக்கொண்டு நான் ஷீட்டின் மேல் குனிந்தால், நிமிரும்வரை யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனத்துக்காகவே கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருப்பேன். அப்படி ஒரு திமிர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விருதுநகர் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணறு பக்கம் ஒரு கண்மாய்க்குப் போவேன். தை மாதத்தில் தண்ணீர் வற்றி நடுவில் சேறு தெரியும்போது அங்கே உள்ளான் என்கிற சின்ன நீர்ப்பறவைகள் வந்து இறங்கும். கரையிலிருந்து பார்த்தால் எள்ளு கொட்டினாற்போல இருக்கும். பவளக்காலியா பச்சைக்காலியா என்று கால் நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் பைனாகுலருக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. முடி அளவு விலகலைக் கண்டுபிடிக்கிறவனுக்கு ஒரு பறவையின் கால் நிறம் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? ஸ்கோப் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முன் லென்ஸ் அறுபது மில்லிமீட்டரா எண்பதா, நேராகப் பார்க்கிறதா குனிந்து பார்க்கிறதா என்று மாதக்கணக்கில் விசாரித்தேன். “கொக்கப் பாக்கதுக்கு இம்புட்டுப் பாடா? பொண்ணு பாக்க வந்தப்ப என்னையக் கூட இம்புட்டு நேரம் பாக்கலியே” என்றாள் மனைவி. ஸ்கோப் விற்கிற மதுரைக் கடைக்காரர் பொறுமைசாலி. முதலில் அறுபது அனுப்பினார்.

கண்மாய்க் கரையில் முக்காலியை நிறுத்திக் கண்ணை வைத்தேன். உள்ளானின் கால் நடுவில் நெளிந்தது. வெயில் ஏறிவிட்டது, கானல் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் விடியும்போதே போனேன். அப்போதும் நெளிந்தது. “லென்ஸ் வளைஞ்சிருக்கு” என்று திருப்பி அனுப்பினேன். எண்பது வந்தது. பறவை பெரிதாகத் தெரிந்தது. நெளிசல் போகவில்லை. அதையும் அனுப்பினேன். மூன்றாவதாக, குனிந்து பார்க்கிற மாதிரி வந்தது, வேறு கம்பெனி. அதிலும் அதே நெளிசல், அதே நடு இடத்தில். மூன்று மெஷினும் ஒரே இடத்தில் விலகுகிறது என்று யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், முதலில் உன் லென்ஸைத் துடைத்துவிட்டு வா என்றிருப்பேன். எனக்கு நானே அதைச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

இதற்குச் சில மாதங்களுக்கு முன், தீபாவளி லேபிள் சீசனில்தான், நான் வேலையைப் பறித்த அந்த மெஷின் ஆபரேட்டரோடு எனக்குத் தகராறு. அந்த சீசன் முழுக்க ஷீட் ஷீட்டாக எனக்கு ரெஜிஸ்டர் விலகித் தெரிந்தது. மற்ற ஆபரேட்டர்கள் “சரி அண்ணாச்சி” என்று போய், எதையோ திருகிவிட்டு வேறு ஷீட் கொண்டுவருவார்கள். அதைப் பார்த்து, “ம், இப்பச் சரி” என்பேன். இவர் ஒருவர்தான் திருகப் போகவில்லை. அந்த ஷீட்டையே மறுபடி என் முன்னால் விரித்தார்.

“சரியாத்தான அண்ணாச்சி இருக்கு. இன்னொருக்க பாருங்க.”

பார்த்தேன். கோடு விலகித்தான் தெரிந்தது. அன்று மட்டும் நாலைந்து தடவை அதையே சொன்னார். பத்து வருடமாக அந்த மெஷினில் நிற்கிறவர், என்னைவிட வயதில் இளையவர், எல்லார் முன்னாலும் என் கண்ணைச் சந்தேகப்படுகிறார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ரெஜிஸ்டர் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு நான் ஷீட் பார்க்க முடியாது என்று முதலாளியிடம் போய் நின்றேன். முதலாளி என் கண்ணைத்தான் நம்பினார். ரெஜிஸ்டர் தெரியாத ஆள் என்ற பேச்சு ஊருக்குள் பரவி, வேறு அச்சகம் எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் அந்த அறைக்கு வேறு வேலை கிடைக்கிறவர்கள் போவதில்லை. ஒரு நாள் மனசு என்னவோ செய்தது. பிறகு ஸ்கோப் விசாரிக்கப் போய்விட்டேன்.

மூன்றாவது ஸ்கோப்பைக் கடைக்காரர் சும்மா திருப்பி எடுக்கத் தயாராக இல்லை. என்ன குறை என்று காட்டச் சொன்னார். காட்டிவிடுகிறேன் என்று அச்சகத்திலிருந்து ஒரு ஷீட்டைக் கொண்டுவந்து, எதிர்ச் சாரியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டினேன். மொட்டை மாடியிலிருந்து ஸ்கோப்பை அதன் கூட்டல் குறியில் நிறுத்தினேன். குறி நடுவில் அழகாக வளைந்தது. துணி உலர்த்த வந்த மனைவியைக் கூப்பிட்டேன், சாட்சிக்கு.

குனிந்து பார்த்தாள். “எங்கன வளைஞ்சிருக்கு?”

“நடுவுல பாரு.”

“நடுவுலதான் பாக்கேன். கோடு கோடாத்தான இருக்கு.”

எரிச்சலோடு அவளை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். வளைவு. அவள் பார்த்தாள். நேர்கோடு. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஏங்க, அந்தக் கண்ண மூடிக்கிட்டு மத்தக் கண்ணால பாருங்க” என்றாள்.

இடது கண்ணை வைத்தேன். கோடு நேராக நின்றது. வலது கண்ணை வைத்தேன். வளைந்தது. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை, அவள் தோளைப் பிடித்து நிறுத்தும்வரை பார்த்தேன். முதலில் என் கண்ணைப் பற்றிய பயம்தான் வந்தது. அந்த ஆபரேட்டர் ஞாபகத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

மதுரையில் கண் டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டி, ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதாம். பைனாகுலரில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதால் நல்ல கண் கெட்ட கண்ணை மூடி மறைத்திருக்கிறது. லென்ஸும் ஸ்கோப்பும் ஒற்றைக் கண் சாமான்கள், நான் வைத்தது எப்போதும் வலது கண். ஊசி போட்டால் மேற்கொண்டு கெடாமல் நிறுத்திப் பார்க்கலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாளே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆபரேட்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். முதலாளி, “மெஷின்ல வேற ஆளு நிக்காப்ல. அவர எப்படிப் போகச் சொல்ல?” என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றினார். தெரிந்த நாலு அச்சகங்களில் நானே ஏறி இறங்கினேன். கண் போனவன் கொடுக்கிற சிபாரிசை யார் கேட்பார்கள்?

வெறுங்கையோடுதான் அந்த ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம், அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அலுமினியப் பொடி கைரேகையிலெல்லாம் ஏறி விரல்கள் வெள்ளி பூசினாற்போல இருந்தன. சோப்புக்குப் போகவில்லை.

“வாங்க அண்ணாச்சி. காப்பி சாப்பிடுதீகளா?” என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

நின்றபடியே சொல்லி முடித்தேன். கண், டாக்டர், முதலாளி, ஏறி இறங்கின அச்சகங்கள், எல்லாவற்றையும். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“ஒங்களுக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு அங்க மெஷின்ல நிக்கிற எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி. அதான் சும்மாவாச்சும் திருகிட்டு, அதே ஷீட்டத் திருப்பிக் கொண்டாந்து காட்டுவாக.”

அந்த சீசன் முழுக்க ஓர் அச்சகமே எனக்காக நடித்திருக்கிறது. மெஷினைத் திருகிவிட்டார்கள் என்ற நம்பிக்கையில், அதே ஷீட்டுக்கே நான் தலையை ஆட்டி ஆட்டி ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்.

“ஒருத்தராவது என்கிட்டச் சொல்லிருக்கலாமே” என்றேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை.

“நான் சொன்னேனே அண்ணாச்சி.”