மலைப்பக்கத்துக் கோபுரம்

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். தாய்ப்பாலன்றி வேறெதுவும் அவனுக்கு இறங்காது; சங்கில் புகட்டும் ஆட்டுப்பாலைத் துப்பிவிடுவான். மதுரையில் அம்மை கண்டிருப்பதாகக் கேள்விப்பட்ட அத்தை, அவனை நாத்தனாரிடம் விட்டுவரச் சொன்னார். விடியுமுன் பாலூட்டிவிட்டு, மதுரைக் கோயில் பூசைக்காகத் தேனியில் புகைவண்டி ஏறினோம்: கணவர், அவருடைய தாயாகிய அத்தை, நான். பிற்பகல் மூன்று மணி வண்டியைத் தவறவிட்டால் மறுநாள்தான் ஊர் திரும்ப முடியும்.

எங்களைக் கோயில் வாசலில் விட்டு, கிணற்று நீர் இறைக்கும் கமலைக்கு இரும்புச் சால் வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்ட கணவர், "ஆத்தா, பூசை முடிஞ்சதும் மலைப்பக்கத்துக் கோபுரத்துல நில்லுங்க. ரெண்டரைக்கு வந்துருவேன். அங்கனருந்து டேசன் கிட்டக்க" என்றார்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுப் பேச்சில் மேற்கு என்ற சொல் வழங்குவதில்லை. கதிரவன் மலைக்குள் இறங்குவதால் அத்திசை எங்களுக்கு மலைப்பக்கம். வீட்டின் மேற்கு அறைக்கும் மேற்குக் கொல்லைக்கும் அதுவே பெயர். பழக்கத்தில் அவர் மதுரையிலும் அப்படியே சொல்லிவிட்டார்.

நடை சாத்தியபின் வெளியே வந்த அத்தை அண்ணாந்து பார்த்தார். எப்பக்கமும் மலை இல்லை. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவளிடம், "ஏத்தா, இங்கன மலை எந்தப் பக்கம்?" என்றார்.

"ஆனமலையவா கேக்குறீக? அந்தா, வடக்க. சாமி கும்பிட வந்தீகளா, வெறகு பொறுக்க வந்தீகளா?"

வடக்குக் கோபுரத்தடியில் போய் நின்றோம். எனக்கு ஐயம் எழுந்தது. "அத்தை, அவுக மேற்கத்தான் சொல்லியிருப்பாகளோ?"

"மலைப்பக்கம்னுதான சொன்னான்? எம்மகன் பேச்சு எனக்குத் தெரியாதாக்கும்?"

மருமகள் இருமுறை மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மார்பு கல்லாகக் கனத்தது. சற்று நேரத்தில் ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அங்கே அவன் பசித்து அழுதுகொண்டிருப்பான். கடந்து சென்ற ஒருவரிடம் மணி கேட்டேன். இரண்டே முக்கால் என்றார்.

"இன்னும் வரக் காணமே," என்று அத்தை முதன்முறையாகக் குரல் தளர்ந்து சொன்னார்.

"அத்தை, வெயில் எங்கிட்டுச் சாயுதுன்னு பாருங்க."

கதிரவன் நாங்கள் பார்த்திராத திசையில், மலையே இல்லாத வானில் சாய்ந்துகொண்டிருந்தான். அத்தை பதில் சொல்லுமுன் அவர் கையைப் பற்றினேன். மணமாகி வந்த நாள் முதல் நான் அவர் கையைப் பிடித்ததில்லை. அன்று இழுத்துக்கொண்டே ஓடினேன்.

மேற்குக் கோபுரத்தடியில் தோளில் சாலுடன் கணவர் அலைந்துகொண்டிருந்தார். "எங்கன போயித் தொலஞ்சீக?"

"நீ சொன்ன மலைப்பக்கத்துக்குத்தாம்லே!"

நிலையத்தில் வண்டி நகரத் தொடங்கியிருந்தது. கணவர் தோளிலிருந்த இரும்புச் சாலைக் கீழே போட்டுவிட்டு அத்தையைத் தூக்கி ஏற்றினார். பின்னர் என்னை ஏற்றித் தாமும் தாவினார்.

ஆண்டிபட்டி தாண்டி மலை தெரிந்தபோது அத்தை கேட்டார். "சால் எங்கடா?"

"மலைப்பக்கத்துல கெடக்கு," என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தெருமுனைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அழுகுரல் கேட்கவில்லை, அது என்னை மேலும் அச்சுறுத்தியது. வாசலை நெருங்கியதும், அழுதழுது கம்மிப்போன முனகல் ஒன்று உள்ளிருந்து வந்தது. என் கையிலிருந்த பூசைக்கூடையை அத்தை பிடுங்கிக்கொண்டார்.

"ஓடுத்தா," என்றார்.