காதர் அண்ணன் அனுப்பிய பழக்கூடைகள்

பாச்சாங் என்ற ஊரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நான் தலைமை நர்ஸாக இருந்தபோது நடந்தது இது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ஒருநாள் லீவு முடிந்து வேலைக்கு வந்தேன். மேசை மேல் இரண்டு பழக்கூடைகள் இருந்தன. வாழைப்பழம், ஆரஞ்சு, பேரீச்சம்பழம். மற்ற கூடைகளை நேற்றே நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டதாகக் கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்.

உடனே நோயாளிகளின் போன் நம்பர் நோட்டை எடுத்தேன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு இந்தப் பழங்களில் உள்ள பொட்டாசியம் உடம்பை விட்டு வெளியேறாது. அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம்.

அனுப்பியவர் மளிகைக்கடை காதர் அண்ணன். வருஷா வருஷம் லட்டும் ஜிலேபியும் அனுப்புவார். பாதிப் பேருக்கு இனிப்புநீர் வியாதி, பலகாரம் வேண்டாம் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் யோசித்து, உடம்புக்கு நல்லது என்று பழம் வாங்கியிருக்கிறார்.

ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன். பலர் விவரம் தெரிந்தவர்கள். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். புலாவ் செபாங் ஊரில் இருந்து வரும் சரோஜா அக்கா மட்டும் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“நாலு வாழைப்பழம் சாப்பிட்டேன் மிஸி. சென்டர்லயே குடுத்தாங்களே, சாப்பிடலாம்னு நெனச்சேன். காலையில இருந்து காலத் தூக்க முடியல லா.”

கால் ஓய்ந்துபோவது பொட்டாசியம் ஏறியதன் அறிகுறி. போனை அவர் மகனிடம் கொடுக்கச் சொல்லி, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அங்கே இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்ததாம். ஊசி போட்டு, உடனே டயாலிசிஸ் செய்து காப்பாற்றிவிட்டார்கள். மீந்த கூடைகளைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பிவைத்தோம்.

விஷயம் தெரிந்து காதர் அண்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். தப்பு என்னுடையது என்றேன். எது வேண்டாம் என்று சொன்னேனே தவிர, எது கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

சரோஜா அக்கா மறுபடி சென்டருக்கு வந்த அன்று, காதர் அண்ணன் அவரைப் பார்க்க வந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வருஷம் என்ன கொண்டு வரட்டும் என்று அவரிடமே கேட்டார்.

“பழம் நல்லா இனிச்சுச்சுண்ணே,” என்று அக்கா சிரித்தார். “ஆனா இந்த மெஷின்ல நாலு மணி நேரம் படுத்தா குளிரு தாங்கல. ஒரு கம்பளி வாங்கிக் குடுங்க, போதும்.”

அடுத்த தீபாவளிக்கு ஆளுக்கொரு கம்பளி வந்தது.

அதன் பிறகு, ஓய்வு பெறும்வரை, நோயாளிகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யார் கூப்பிட்டுக் கேட்டாலும் போனை ஒரு நோயாளி கையில் கொடுத்துவிடுவேன். உடம்புக்கு ஆகாதது எதையும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.