ஃப்ரீவேக்குப் பயந்த கோமதி ஆன்ட்டி

கோமதி ஆன்ட்டி இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எடிசன் நகரில் இருக்கும் அவருடைய மகன் ஆங்கிலத்தில் ஒரே வரி அனுப்பியிருந்தான். தூக்கத்திலேயே போய்விட்டாராம். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று நடுவழியில் தோன்றுமே, அந்த மாதிரிப் பயம். அவர் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இனி அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவர் ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்திருக்கிறீர்கள். சிலர் கடைசி இரண்டு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. இரு சாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் உள்ள சிறிய நகரங்களில் எங்களுடையதும் ஒன்று. அதன் நகராட்சியில் ஆன்ட்டி போக்குவரத்துப் பொறியாளர். எந்த முக்கில் வண்டிகள் நின்று போக ஸ்டாப் பலகை வைப்பது, எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிவது என்பதெல்லாம் அவர் வேலை. அதே நகராட்சியின் நூலகத்தில் எனக்குப் பகுதி நேர வேலை. ஒரே இடத்தில் சம்பளம் வாங்கினோம் என்பதைத் தவிர எங்களை நெருக்கமாக்கியது அவருடைய ஒரு பயம்தான். சிக்னலே இல்லாத அதிவேக நெடுஞ்சாலையான ஃப்ரீவேயில் அவர் கார் ஓட்ட மாட்டார். எவ்வளவு தூரமானாலும் ஊருக்குள்ளேயே சிக்னல் சிக்னலாக நின்று போவார். தூரம் மிக அதிகமென்றால் என்னைக் கூப்பிடுவார்.

“டிராஃபிக் இன்ஜினியர் ஃப்ரீவேக்குப் பயப்படலாமா ஆன்ட்டி?” என்று ஒருமுறை கேலி செய்தேன்.

“நான் ஆபீஸ்ல ஆக்சிடென்ட் ரிப்போர்ட் படிக்கிறேன். நீ கதைப் புஸ்தகம் படிக்கிற. அதான் நீ தைரியமா ஓட்டுற.”

“பயந்தா எப்படி வேலை பாக்க முடியும்?”

“பயப்படுறவதான் ரெண்டு தரம் பாப்பா. முன்னாடி பாத்து ஓட்டும்மா, என் மூஞ்சியப் பாக்காத.”

அந்தப் பேச்சு நடந்தது மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ போகும் வழியில். சட்டமன்றக் குழுவொன்றின் முன் எங்கள் நகராட்சி சார்பில் அவர் சில நிமிடங்கள் பேச வேண்டும். சிறிய ஊர்கள் பல சேர்ந்து ஒரு சட்டத்தை மாற்றக் கேட்டுக்கொண்டிருந்தன. விபத்து ஒன்றுக்குப் பலர் காரணமாக இருந்தால், காயம்பட்டவரின் மருத்துவச் செலவுக்கு அத்தனை பேரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது சட்டம். மற்றவர்களிடம் பணம் இல்லையென்றால், கடுகளவு தவறு செய்தவரும் முழுவதையும் கொடுக்க வேண்டும். நகராட்சியிடம் எப்போதும் பணம் இருக்கும், ஏனென்றால் அது மக்களின் வரிப்பணம்.

காரில் அவர் தன் உரையைப் படித்துக் காட்டியபோது எனக்கு இது புரியவில்லை. அவர் விளக்கினார்: “பத்து பேர் ஹோட்டல்ல வயிறு முட்ட சாப்புடுறான். ஒருத்தன் காபி மட்டும் குடிக்கிறான். பில்லு வந்ததும் பத்து பேரும் பின்பக்கமா ஓடிட்டா, காபி குடிச்சவன் சட்டையப் பிடிச்சு மொத்த பில்லையும் கட்டுன்னா நியாயமா?”

“இல்ல.”

“அந்தக் காபிக்காரன்தான் நம்ம ஊரு.”

குழுவின் முன்னால் இதையே ஆங்கிலத்தில் சொன்னார். உறுப்பினர்கள் சிரித்தார்கள். பேசி முடித்து வந்து உட்கார்ந்தவரின் கை ஐஸ் மாதிரி இருந்தது. “பேசுறதுக்கு இவ்ளோ பயமா?” என்றேன். “பேசுறதுக்கு இல்லடி. சட்டம் மாறலைன்னா என்ன ஆகும்னு நெனச்சேன். அதுக்கு” என்றார். அந்த முறை சட்டம் மாறவில்லை.

அந்தச் சட்டத்தைவிட அது அலுவலகத்தில் வளர்த்திருந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். ஓரிடம் ஆபத்தானது என்று நகராட்சிக்கு முன்பே தெரிந்திருந்தால் அதன் தவறு உறுதியாகிவிடும். தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி எழுத்து. ஆகவே யாரும் எதையும் எழுதுவதில்லை. எழுதக்கூடாது என்று யாரும் உத்தரவு போட்டதும் இல்லை. எல்லோரும் தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொள்வார்கள். “அந்த முக்கைக் கொஞ்சம் பாரு” என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிறவர்களும் ஒரு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஆன்ட்டியும் அப்படித்தான் வேலை பார்த்தார்.

எழுத்தில் புகார் வராமல் போனதற்கு நம்மவர்களும் ஒரு காரணம். நம் ஊரில் எல்லோரும் காரில் போகிறவர்கள். நடக்கிறவர்கள் என்றால் இந்தியாவிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் மட்டும்தான். காலையில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, வெள்ளை ஷூ. எந்த நடைபாதை தூக்கிக்கொண்டிருக்கிறது, எந்த வளைவில் கார் தெரியாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் நகராட்சிக்கு ஃபோன் செய்ய மாட்டார்கள். இங்கிலீஷ் பேசப் பயம், பிள்ளைகளுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பயம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இட்லி வாங்க நிற்கும்போது கோமதி ஆன்ட்டியிடம் சொல்வார்கள். “இவங்கதான் என் இன்ஸ்பெக்டருங்க. சம்பளம் ரெண்டு இட்லி” என்பார் அவர்.

அப்படி ஒரு சனிக்கிழமை வேலாயுதம் தாத்தா சொன்னார். மகள் வீட்டுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தவர். நான் ஆன்ட்டியின் பக்கத்தில் நின்று சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா கோமதி, ஹைஸ்கூல் பின்பக்கத் தெருவுல ஸ்டாப் பலகைய மரம் முழுசா மூடிடுச்சு. நேத்து ஒருத்தன் நிக்காமலே போறான். என் வேட்டி பறந்துச்சு.”

“வேட்டியிலயா வாக்கிங் போனீங்க?”

“பின்ன? பேன்ட்டுல போனா மட்டும் நிறுத்திருவானா?”

வரிசையே சிரித்தது. “திங்கக்கெழம சொல்லிடுறேன் மாமா” என்றார் ஆன்ட்டி. சொல்லவும் சொன்னார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை புயற்காற்று அடித்து ஊரெங்கும் மரங்கள் சாய்ந்திருந்தன. மரம் வெட்டும் குழுவின் ஆட்கள் வாசலில் ஓடிக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல வாயால் சொன்னார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே அந்த முக்கில் லூசி அடிபட்டாள்.

லூசி பள்ளி முடிந்ததும் நூலகத்துக்கு வருகிறவள். நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகங்களாகவே எடுப்பாள். சைக்கிளில் தெருவைக் கடந்தபோது, ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்த ஓர் இளைஞன் நிறுத்தாமல் மோதினான். அவனுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, வேலையும் இல்லை. லூசி பிழைத்தாள். கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை. வாழ்நாள் முழுதும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார்கள்.

சில வாரங்கள் கழித்து அவள் அம்மா, மகள் எடுத்துப் போயிருந்த புத்தகத்தோடு வந்தார். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பாதியில் ஓர் அடையாளச் சீட்டு இருந்தது. “அவள் முடிக்கவில்லை. நான் படித்துக் காட்டுகிறேன்” என்றார். அவர் போனபின் பின்னறைக்குப் போய் நின்றேன். இட்லி வரிசையில் தாத்தா சொன்னதை நானும் கேட்டிருந்தேன்.

லூசியின் குடும்பம் அந்த இளைஞன் மீதும் நகராட்சி மீதும் வழக்குப் போட்டது. எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: பலகை மறைந்திருந்தது நகராட்சிக்கு முன்பே தெரியுமா? எழுத்தில் எதுவும் இல்லை. மரக் குழுவில் யாருக்கும் நினைவில்லை. வேலாயுதம் தாத்தா சென்னைக்குத் திரும்பிவிட்டார். அவர் சொன்னதை அறிந்தவர்கள் இந்த நாட்டில் இருவர், ஆன்ட்டியும் நானும். தெரியாது என்றால் நகராட்சி தப்பிக்கும், லூசிக்கு எதுவும் கிடைக்காது. தெரியும் என்றால் நகராட்சியின் பங்கு எத்தனை சிறியதானாலும் சிகிச்சைக்கும் பராமரிப்புக்குமான முழுச் செலவும் அதன் தலையில் விழும். அப்போது முதலில் வெட்டுவது நூலகத்தைத்தான். அதிலும் முதலில் என்னைப் போன்ற பகுதி நேர ஆட்களை.

வக்கீல்கள் முன்னால் வாக்குமூலம் கொடுக்க ஆன்ட்டி ஓக்லாந்து போக வேண்டியிருந்தது. ஃப்ரீவே. நான்தான் ஓட்டினேன். வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று நகராட்சி வக்கீல் சொல்லியிருந்தார். லாரி ஒன்று பக்கத்தில் வந்தபோது அவர் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். பார்க்கிங்கில் நிறுத்தியதும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“கேட்டா, உன் பேரையும் சொல்ல வேண்டி வரும் கயல். பயமா இருக்கா?”

“இருக்கு ஆன்ட்டி.”

“எனக்கும்தான். எங்க, என் பொட்டு நேரா இருக்கா பாரு.”

நேராக இருக்கிறது என்றேன். உள்ளே போனார். நான் காரிலேயே காத்திருந்தேன். கேட்காமல் விட்டுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடனே லூசியின் அம்மா கையிலிருந்த புத்தகம் நினைவுக்கு வந்தது. எதை வேண்டுவது என்று தெரியவில்லை.

கேட்டார்கள். அவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்து காரில் ஏறியவர் முதலில் சிரித்தார். “எங்க வெச்சு சொன்னாங்கன்னு கேட்டான். இட்லி க்யூலன்னேன். டைப் அடிக்கிற பொண்ணு இட்லிக்கு ஸ்பெல்லிங் கேக்குறா கயல்!” சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. “சாட்சியாயிடும்னு பயந்து எழுதாம விட்டோம். எழுதியிருந்தா ஒருத்தன் போய் வெட்டியிருப்பான். அவ்ளோதான், ஒரே ஒரு கிளை.”

நகராட்சி சமரசத்துக்குப் போனது. என்னை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை, ஆனாலும் அதுவரை வந்த ஒவ்வொரு தபாலையும் அனுப்பியது யார் என்று பார்த்துவிட்டே பிரித்தேன். லூசிக்குப் பராமரிப்பு கிடைத்தது. ஊரின் நீச்சல் குளம் மூடப்பட்டது. நூலகம் ஞாயிறும் மாலை வேளைகளும் இல்லை என்றானது. என் வேலை பாதியானது. பிறகு தமிழ்ப் பள்ளியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். “ஊருக்கே உலை வெச்சுட்டு இட்லி ஊத்த வந்துட்டாங்க பாரு” என்று காதுபடச் சொன்னவர் யாரென்று நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆன்ட்டி அவருக்கும் காபி ஊற்றினார். சர்க்கரை ஒரு ஸ்பூனா இரண்டா என்று கேட்டார்.

அவர் காதுபடப் பேசியவர்கள் அறியாதது ஒன்று உண்டு. அந்தச் சட்டம் மாற வேண்டும் என்பதில் அவர் கடைசி வரை மாறவில்லை. ஆனால் ஹோட்டல் கதையை அதற்குப் பிறகு வேறு மாதிரி முடித்தார். “காபி குடிச்சவன் மேல மொத்த பில்லும் போடறது தப்புதான். ஆனா உள்ள அடுப்படியில வெந்து சமைச்சவளுக்கு யாராவது குடுக்கணும்ல? யார் குடுப்பாங்கன்னு சொல்லிட்டு சட்டத்த மாத்தட்டும். அத நான் அன்னைக்கு சாக்ரமென்டோல சொல்லல.” மீண்டும் அழைத்தால் சொல்வீர்களா என்று கேட்டேன். “சொல்லுவேன். நீதான் ஓட்டிட்டு வரணும்” என்றார். அழைப்பு வரவில்லை.

வாக்குமூலத்துக்குப் பிறகு அலுவலகத்தில் அவர் எல்லாவற்றையும் எழுதினார். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, எந்த முக்கு. தாழ்வாரத்தில் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். “பயமா இல்லையா?” என்று கேட்டதற்கு, “முன்னவிட ஜாஸ்தி” என்றார். அவர் தைரியசாலி என்று இப்போது இரங்கல் செய்திகளில் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் மிகவும் பயந்த மனுஷி. இந்தப் பக்கம் ஊரை நினைத்தும் அந்தப் பக்கம் லூசியை நினைத்தும் ஒரே நேரத்தில் பயந்தார். இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இறுதிச் சடங்குக்கு மறுநாள், மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா நூலகத்துக்கு வந்தார். தமிழ்ப் புத்தக அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். “தபாலாபீஸ் பக்கத்துல நடைபாதைக் கல்லு தூக்கிட்டு நிக்குதும்மா. தடுக்குது. கோமதி இருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன்” என்றார்.

நகராட்சியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தேன். புகார் தருபவரின் பெயர் என்ற இடத்தில் விரல் நின்றது. இனி நகராட்சிக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. யாராவது விழுந்தால், மறுபடி ஒரு வழக்கு வந்தால், மீதமிருக்கும் பாதி வேலையும் போகலாம். அந்த அம்மா மேசைக்கு அப்பால் காத்துக்கொண்டிருந்தார், வெள்ளை ஷூவில்.

என் பெயரை எழுதினேன். தெருப் பெயர் சரியா என்று ஒரு தரம் பார்த்தேன். பயமாக இருந்ததால் இன்னொரு தரமும் பார்த்தேன். பிறகு அனுப்பினேன்.

ஆன்ட்டியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டாவது பார்வைதான்.