சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு

என் வீட்டுக்காரருக்குக் கொடுக்க ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் மருந்து இல்லை. ஜப்பான்காரன் வந்த பிறகு எந்த மருந்துதான் இருந்தது? காய்ச்சல்காரர்களையே ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவருக்கோ காய்ச்சல்கூட இல்லை. கை நடுங்கியது. தூக்கம் வரவில்லை. வாசலுக்கு முன்னால் போகிற சடக்கில், அதுதான் ரோட்டில், லோரிச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடுவார்.

"இது உடம்புக் கோளாறு இல்லம்மா, மனசு. மனசுக்கு நான் என்னத்தக் குடுக்கறது? நாலு நல்ல பழக்கம் வச்சுக்கச் சொல்லு" என்றார் டிரெஸ்ஸர். விடிந்ததும் எழுந்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கிடைத்ததை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நன்றாக மென்று. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்து முழுக வேண்டும். ஊர்க்கதை கேட்கக் கூடாது. இவ்வளவையும் அவர் இவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பயந்ததில் தப்பு ஒன்றுமில்லை. மலாக்காவுக்கு வரும் ரயில் பாதையில் அவருக்கு வேலை. ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனான். பெயர்த்துக் கொடுத்ததே இவரும் இவருடைய கூட்டாளிகளும்தான். சயாமில் புதுப் பாதை போடுகிறான் என்றார்கள். தண்டவாளம் போன கொஞ்ச நாளில் ஆட்களும் போக ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம், நல்ல சாப்பாடு என்று சொல்லி முதலில் கூப்பிட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் வேலை தெரிந்த தமிழாட்களின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறதாம். இவருடைய கூட்டாளிகளில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள்.

இப்படி இருக்கும்போது மனுஷனை மூச்சு விடச் சொல்வதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேறு எதைத்தான் நான் செய்ய முடியும்? டிரெஸ்ஸர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஜப்பான்காரன் கடிகாரத்தைக்கூடத் தன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான், கும்மிருட்டில் மணி ஏழு என்றது. நான் அதைப் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்ததும் அவரை எழுப்பினேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னை மரங்களுக்கு நடுவில் இருபது முறை போய் வரச் சொன்னேன், சடக்குப் பக்கம் விடவில்லை. எதிரில் உட்கார்ந்து, மரவள்ளிக் கிழங்கை அவர் மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கெழங்க இவ்வளவு நேரம் மென்னா அது சோறாயிடுமா?" என்பார்.

"வாய மூடிக்கிட்டு மெல்லுங்க."

"வாயத் தொறக்காம எப்படிடி மெல்லறது, நீயே சொல்லு."

அப்படிக் கேலி பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு மாதத்தில் கை நடுக்கம் பாதியாகக் குறைந்தது. தூக்கத்தில் குறட்டை விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டி அம்மா ஒருவர் இருந்தார். காஜா பெராங்கில் பல தலைமுறையாக இருப்பவர்கள் அவர்கள். நெற்றியில் விபூதி, வீட்டில் சாமி படம், எல்லாம் நம்மைப் போலத்தான். ஆனால் பேச்சு மலாய், உடுப்பும் அப்படியே. நான் அவரை மாச்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவேன். என் அரைகுறை மலாயைக் கேட்டுச் சிரிப்பார், ஆனால் மனசு தங்கம். எண்ணெய் முழுக்குக்கு வாரா வாரம் இரண்டு தேங்காய் கொடுத்தது அவர்தான். துருவிப் பிழிந்து, காய்ச்சி, சனிக்கிழமைக்கு ஒரு கிண்ணம் எண்ணெய் தேற்றிவிடுவேன்.

அந்த வாரம் தெங்கேரா பக்கம் ஆள் பிடிக்கிற லோரி வந்தது என்று வியாழக்கிழமை கேள்விப்பட்டோம். வெள்ளிக்கிழமை வரவில்லை. அது வராதது இன்னும் மோசமாக இருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை, எதிர்வீட்டு ஜன்னல்களெல்லாம் சாத்தியே கிடந்தன. அவருடைய கை மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலையில் கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

"இன்னிக்கு வேணாம் புள்ள" என்றார். "எண்ணெய வழிய விட்டுக்கிட்டு உக்காந்திருக்கற நேரத்துல எவனாவது வந்தா என்ன பண்றது? நான் பேசாம விடியறப்பவே கெளம்பி புக்கிட் காதில் பக்கம் போயிருக்கணும். அங்க ரப்பர் காட்டுல ரெண்டு நாள் கெடந்துட்டு வந்துடலாம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! "ஒரு வாரம் விட்டா எல்லாம் போச்சு. இவ்வளவு நாள் நான் பட்ட பாடு என்னத்துக்கு? கையப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு. முழுகிட்டு, வயித்துக்கு ஏதாவது போட்டுக்கிட்டு அப்புறம் போங்க. காடு எங்கயும் ஓடிடாது" என்று சத்தம் போட்டேன். அவர் மணையில் உட்கார்ந்தார். எண்ணெயை அள்ளித் தலையில் வைத்து நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்தேன். அவர் தோள் மெல்ல இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தீங்களா, நான் சொன்னேனே என்று ஒரு பெருமை எனக்கு.

அரை மணிகூட ஊறியிருக்காது. லோரி எங்கள் சடக்கில் திரும்பியது.

கிணற்றடியில் நாலு வாளி தண்ணீரை அவர் தலையில் கொட்டினேன். துவட்ட நேரமில்லை. மாச்சிக் அதற்குள் வேலி இடுக்கில் கையை நீட்டி, வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். மாச்சிக் தன் மருமகனுடைய சாரோங்கையும் சட்டையையும் மாட்டிவிட்டு, ஈரத் தலையில் ஒரு துணியைக் கட்டி, கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து உரிக்கச் சொல்லி உட்கார வைத்துவிட்டார். பார்த்தால் அந்த வீட்டு ஆள் மாதிரியே இருந்தார்.

துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வந்தான். அவனுக்கு முன்னால் ஆள் பிடித்துக் கொடுக்கிற தண்டல் வந்தான். தண்டல் நம்மாள்தான், தமிழன். அதுதான் வயிறெரிகிறது.

"எங்கம்மா உன் புருஷன்?"

"பசாருக்குப் போயிருக்காரு."

"வெறுங்கையோட பசாருக்கா?" என்று வாசலில் தொங்கிய பையைக் காட்டிச் சிரித்தான். வீட்டுக்குள் போய்ப் பாயைப் புரட்டினான். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். இருவரும் மாச்சிக் வீட்டு வாசலுக்குப் போனார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாச்சிக் அசையவில்லை. மலாயில் பேசினார்: இது என் மருமகன், எங்களுக்குத் தமிழ் தெரியாது. தண்டல் இவருக்கு எதிரில் போய் நின்று தமிழில் பெயர் கேட்டான். இவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாச்சிக்கைப் பார்த்து மலாயில், என்ன சொல்கிறார் என்று கேட்டார். தண்டல் இவரைப் பெற்ற தாயை ஒரு வார்த்தை சொன்னான். காது கூசுகிற வார்த்தை. இவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவர் கையைப் பார்த்தேன். துளி நடுக்கம் இல்லை.

தண்டல் காறித் துப்பிவிட்டுத் திரும்பினான். சிப்பாயும் திரும்பினான். நாலு அடி போயிருப்பார்கள்.

அவர் தும்மினார்.

"நூறு" என்றேன் நான்.

தும்மினால் நூறு வயசு என்று வாழ்த்துவது நம் வழக்கம், பிள்ளைகளுக்குத்தான் சொல்வார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கே சொல்லிவந்தேன். யோசித்தா சொன்னேன்? கடவுளே, யோசித்திருந்தால் என் நாக்கைக் கடித்துத் துப்பியிருப்பேனே.

தண்டல் அவரிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தான். "யாருக்கும்மா நூறு சொன்ன?" என்று மெதுவாகத்தான் கேட்டான். சிப்பாய் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து முட்டிபோட வைத்தான். துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான்.

"அவள விடுங்க. நாந்தான்" என்றார் அவர், நல்ல தமிழில்.

தேங்காயை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தார். லோரியில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் பின்னால் ஓடினேன், எதையோ சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன், என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. மாச்சிக்தான் என்னைப் பிடித்து நிறுத்தினார். தண்டல் அவரையும் இரண்டு அறை அறைந்துவிட்டுப் போயிருந்தான். அவர் கன்னம் வீங்கியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் பகலில் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். காலில் ஆறாத புண், கம்பை ஊன்றித்தான் நடந்தார். சயாமில் இவரோடு ஒரே கொட்டகையில் இருந்தவராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மழைக்காலத்தில் காலரா வந்தது, இரண்டே நாள், அதிகம் கஷ்டப்படவில்லை என்றார். பொய்தான், எனக்காகச் சொன்னார். என்னைப் பற்றி இவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"சொல்லாமயா தங்கச்சி? பசாருக்குப் போற வழியில புடிச்சுட்டாங்களாமே. 'என் பொண்டாட்டி தலபாடா அடிச்சுக்கிட்டா, இன்னிக்கு வேணாம், காட்டுப் பக்கம் போயிடுங்கன்னு. நாந்தான் கேக்கல'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

வந்தவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆமாண்ணே" என்றேன். "நான் சொன்னா அவரு எங்க கேட்டாரு."