கணவாய்க்கு அப்பால் ஒரு பசு ஹாஸ்டல்

ஐப்பசி விடியலில் தகர ஷீட்டின் மேல் மழை செண்டை கொட்டிக்கொண்டிருக்க, அதற்கும் மேலே குரலை ஏற்றிக் கைபேசியில் கேட்பார் சோமன்: "கோனாரே, அங்க ஒரு துளியாவது உண்டா?" மறுமுனையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பணகுடிப் பொட்டலில் ஆட்டுக்கிடைக்கு நடுவே நிற்கும் பலவேசக் கோனார், "பொட்டு மழை இல்ல அண்ணாச்சி, வெயிலு மண்டையப் பொளக்கு" என்பார். "என்னா ஒரு வறட்சி!" என்று பெருமூச்சுவிட்டுச் சோமன் திரும்பும்போது அவருடைய செருப்பு முற்றத்து வெள்ளத்தில் மிதந்து வேலியோரம் போயிருக்கும். மனைவி விஜயம்மா அவர் கையில் ஒரு வாளியைத் திணிப்பார். "ஒங்க வறட்சிய இதில கோரி வெளிய ஊத்துங்க."

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் சோமனை 'வார்டன்' என்று சொன்னால்தான் தெரியும். எந்தப் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் வேலை பார்த்ததில்லை. பசுக்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறார். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் வாய்த்த பூமி இது. மதில்சுவரில் பாசி தழைக்கும், மின்கம்பத்தில் கொடி ஏறும். ஆனால் ஒரு பசு தலையைத் தாழ்த்தி மேய வெறும் தரை கிடையாது. இடம் கிடைத்த இடத்திலெல்லாம் வீடு, வீடு கட்டாத இடத்தில் ரப்பர், ரப்பருக்கும் மிஞ்சியதில் மரச்சீனிக் கிழங்கு. கறக்கிற மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கிப்போட யாருக்கும் மனசு வரும். கறவை வற்றிய சினைமாடு என்றால் அது தின்பது மட்டும்தான் வீட்டாரின் கண்ணில் படும். அப்படிப்பட்ட மாடுகளைச் சோமன் ஓட்டுநர் ஜெயனின் டெம்போவில் ஏற்றி, மழைக்கு ஏங்கிக் கிடக்கும் சீமைக்கு மேயக் கொண்டுபோய்க் கோனாரின் பொறுப்பில் விடுவார். ஈனும் காலம் நெருங்கும்போது கொழுகொழுவென்று திருப்பிக் கொண்டுவருவார். கொட்டும் மழையில் நிற்கும் மாட்டுக்குக் காய்ந்த ஊர் சோறு போடுவதில் அவருக்கு ஒரு விசித்திரமும் தெரிந்ததில்லை.

ஆள் ஒல்லி. குடையின் வளைந்த பிடியைச் சட்டைக் காலரின் பின்புறம் மாட்டித் தொங்கவிட்டிருப்பார். தலையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்கெல்லாம் தும்மல் என்பதால் குளிக்கும்போது தவிர அந்தக் குடை அவரைவிட்டுப் பிரியாது. கணவாயைத் தாண்டி மண்டை கொதிக்கும் வெயிலில் நிற்கும்போதும் முதுகில் அது தொங்கும். விரித்துக்கொண்டால் என்ன என்று கோனார் கேட்டால், "இது மழைக்கு வாங்கினதாக்கும்" என்று பதில் வரும்.

டெம்போ கிளம்புமுன் ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு பிரசங்கம் நடக்கும். "மக்கா, நல்லா தின்னணும். அடுத்தவளுக்க கூட சண்டை போடப்பிடாது. வீட்ட நெனச்சு கரையப்பிடாது, கேட்டியா?" மாடு காதை ஆட்டும். வீட்டை நினைத்துக் கரைந்து அழுவது எப்போதும் மாட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான். அவர்களைச் சமாளிக்கத்தான் வாட்ஸாப்பில் 'ஹாஸ்டல் பேரன்ட்ஸ்' என்று ஒரு குழு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் சோமன் படம் போடுவார், உடனே கேள்விகள் வந்து விழும். என் லெட்சுமி ஏன் தனியாக நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் கறுப்பி யார் வீட்டு மாடு, குணம் எப்படி. சோமன் ஒவ்வொன்றுக்கும் குரல்பதிவில் பொறுமையாகப் பதில் சொல்வார். "லெட்சுமிக்கு வெக்கமாக்கும். ஒரு வாரத்தில சரியாவும்."

அந்தப் பொட்டல் புல்லுக்குப் பெருமழை தேவையில்லை. புரட்டாசி முடிவில் ஒரு மழை, கொஞ்சம் விட்டு இன்னொன்று, பிறகு ஐப்பசி முழுக்க விட்டுவிட்டுத் தூறினால் போதும். கல்லுக்கு நடுவே கிடக்கும் விதை முளைத்து, காற்றாலைகளின் காலடியில் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடும். சில வருடங்களாக அந்த மழைக்கு முறை மறந்துவிட்டது. இந்த வருடம் ஆவணியிலேயே ஆளில்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல ஒரு மழை வந்துவிட்டுப் போனது. தரையெல்லாம் பச்சைப் புள்ளி வைத்தது. அதைக் கோனார் சும்மா ஒரு படம் எடுத்து அனுப்பினார். சோமன் படத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், கால் தரையில் நிற்கவில்லை.

"கொஞ்சம் பொறும் அண்ணாச்சி, அடுத்த மழை விழட்டும்" என்று கோனார் சொன்னதைக் கேட்க அவருக்கு நேரமில்லை. வழக்கத்துக்கு முந்தியே மாடுகள் டெம்போ ஏறின. இந்த வருடம் ஹாஸ்டல் சீக்கிரம் திறந்துவிட்டது என்று குழுவில் அறிவிப்பும் போனது. அடுத்த மழை விழவில்லை. ஆசைப்பட்டு முளைத்த முளையெல்லாம் வேரோடு கருகிற்று. ஐப்பசிப் பிறப்பில் ஒரு நாள் வானம் உடைந்து கொட்டியது. அந்தத் தண்ணீர் கட்டாந்தரையில் ஓடி ஓடையில் விழுந்து குளத்துக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து பழையபடி வெயில்.

முதலில் சோமன் உண்மையைத்தான் சொன்னார். இங்கே மழை இல்லை, புல் வரவில்லை, மாடுகளைத் திருப்பிக் கொண்டுவந்து விடட்டுமா என்று குழுவில் கேட்டார். அன்றைக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் பள்ளிகளுக்கு மழை விடுமுறை. ஒருவர் தன் வீட்டுத் திண்டில் தவளை ஏறி உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு, வார்டன் சொல்லும் வறட்சி இதுதானா என்று கேட்டார். இன்னொருவர், மெஸ்ஸில் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மழைமேல் பழி போடுகிறார் என்றார். புல்லை அறுத்து வேறு யாருக்கோ விற்கிறார் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. சோமனுக்கு மானம் போயிற்று. கைபேசியில் போன வருடத்துப் படங்கள் இருந்தன. முழங்கால் புல், அதற்குள் வயிறு முட்டிய மாடுகள், பின்னால் காற்றாலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தட்டிவிட்டார். குழுவில் கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. இன்றைக்கோ நாளைக்கோ மழை வந்துவிடும், வந்தால் படமும் உண்மையாகிவிடும் என்று அவர் நம்பினார். பொய்யையும் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்ல ஒரு நல்ல மனசு வேண்டும்.

காஞ்சிரங்குளம் எமில்டாவிடம் அந்த மனசு செல்லுபடியாகவில்லை. அவள் கணவன் நார்பர்ட் கடலுக்குப் போகிறவன். காற்றும் மழையுமாக வள்ளம் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது ரோஸி என்ற சிவப்புப் பசுவின் பாலில்தான். ரோஸி நல்லபடியாக ஈன்றால் வீடு நிமிரும், இல்லையென்றால் இல்லை. எமில்டா படத்தின்மேல் இரண்டு விரலை வைத்து அகட்டினாள். மாட்டின் முகம்வரை போனாள். பிறகு சோமனைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"சோமண்ணா, நம்ம ரோஸிக்கு கொம்பு முளைச்சாச்சா?"

"என்ன கொம்பு?"

"மே மாசம் பிலா மரத்தில இடிச்சு இடது கொம்புக்க நுனி போச்சில்லா. நான்தானே மஞ்சள் வச்சுக் கெட்டினேன். போட்டோவில முழுசா இருக்கு. ஒங்க ஹாஸ்டல் சாப்பாடு அவ்வளவு நல்லதாக்கும்?"

சோமன் தும்மினார். மழையில் நனையாமலே வந்த தும்மல் அது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போன வருசத்து போட்டோ, எமில்டா" என்றார்.

"அப்ப இந்த வருசத்து ரோஸி எங்க?"

மழை இல்லை, புல் இல்லை என்று மறுபடியும் சொன்னார். அவள் நம்பவில்லை. "எனக்க தொழுத்துக்குள்ள முட்டளவு வெள்ளம் நிக்குவு. இந்த மழை மலைக்கு அந்தப் பக்கம் போகாதா? கெளம்பி நில்லுங்க. நான் வாறேன், கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

ஜெயனின் டெம்போவில் முன்னால் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். களியக்காவிளையில் துடைப்பான் கண்ணாடியை அடித்துத் துவைத்தது. தோவாளை தாண்டும்போது கிறீச்சிட்டது. ஆரல்வாய்மொழியில் கண்ணாடி காய்ந்துவிட்டது. ஜெயன் துடைப்பானை நிறுத்தினான். வெளியே புழுதி பறந்தது. எமில்டா ஈரப் பாவாடை ஓரத்தைப் பிழிந்துகொண்டு வெளியே பார்த்தாள், சோமனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சோமனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பு பணகுடிப் பொட்டல்வரைதான் நிலைத்தது. சாலையிலிருந்து பார்த்தால் தரை பச்சைப் பசேலென்று கிடந்தது.

"இதில்லாம பின்ன என்ன, சோமண்ணா? பச்சையா கெடக்கே!"

கோனார் குனிந்து அந்தப் பச்சையில் ஒரு கைப்பிடி பறித்தார். ரோஸியின் வாயருகே நீட்டினார். ரோஸி முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. "கொழிஞ்சி, தாயி" என்றார் கோனார். "புல்லு கருகின எடத்தில இது ஏறிட்டு. வயலுக்குப் போட்டா உரமாவும். மாடு தொடாது." அந்தப் பச்சைக்கு நடுவில் மாடுகள் விலா எலும்பு தெரிய நின்றன. பசியோடு இருக்கும் மாட்டுக்கு நடுவே அவ்வளவு பச்சையைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது.

எமில்டா ரோஸியின் விலாவைத் தடவினாள். வயிற்றின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உள்ளே ஒரு அசைவும் தட்டுப்படவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் சோமன் தாங்கியிருப்பார்.

"மழை வராதது ஒங்க குத்தமில்ல, சோமண்ணா. எனக்கு அந்த போட்டோவ அனுப்பினது ஆருக்க குத்தம்?"

வெட்கத்தில் சோமன் முதுகிலிருந்த குடையை எடுத்து, என்ன நினைத்தாரோ, மறுபடியும் அங்கேயே மாட்டினார்.

அந்த வாரத்திலேயே மாடுகள் எல்லாம் கணவாயைத் தாண்டித் திரும்பி வந்தன. கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு பேரன்ட்ஸ் வரவேற்றார்கள். வரவேற்பு வசவில் சோமனின் மறைந்த தகப்பனாரும் நினைவுகூரப்பட்டார். யாரோ குழுவின் பெயரை 'ஹாஸ்டல் மெஸ் பிரச்சனை' என்று மாற்றிவிட்டார்கள். அதைத் திருப்பி மாற்றும் தைரியம் அட்மினாகிய சோமனுக்கு வரவில்லை. எமில்டாவின் தொழுவத்தில் வெள்ளம் வடியாததால் ரோஸி மட்டும் சோமன் வீட்டுச் சாய்ப்புக் கொட்டகையில் தங்கியது. "இப்ப டே ஸ்காலர் ஆயாச்சு" என்றார் விஜயம்மா.

அதற்குப்பின் ஊர் வேறொரு சோமனைப் பார்த்தது. குடையோடும் அரிவாளோடும் ரயில் பாதையோரம் குனிந்து நிற்பார். பலாக்கொப்பு வெட்ட யார் வீட்டு மதிலிலும் ஏறுவார். வாழைத்தண்டைப் பொடியாக அரிந்து தவிட்டில் பிசைந்து, ரோஸி தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். பிரசங்கம் இப்போது சுருங்கிவிட்டது. "தின்னு மக்கா" என்பதோடு சரி. காலைப் பேருந்தில் எமில்டா வருவாள். வந்ததும் வயிற்றில் கை வைப்பாள். சில நாள் கன்று காலை உதைக்கும், அன்றைக்கு அவள் சோமனோடு பேசுவாள். உதைக்காத நாளில் பேசாமல் பேருந்துக்குப் போய்விடுவாள். ரோஸிக்கு மேய்ச்சல் போதவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கார்த்திகை பிறந்து ஒரு காலையில் கோனாரே கூப்பிட்டார். "அண்ணாச்சி, மழை புடிச்சிட்டு! வேணுங்கிற மாதிரி வுட்டு வுட்டுப் பெய்யி. தரையப் பாரும், படம் அனுப்பியிருக்கேன்."

படம் வந்தது. காற்றாலையின் காலடியில் பச்சை. இதற்குள் எப்படியோ செய்தி எட்டி, குழுவில் கேள்விகள் ஆரம்பித்துவிட்டன: வார்டன், அங்கே மழையாமே, வண்டி எப்போது? மழையைத் தவிர உலகத்தில் வேறெதனாலும் இவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கிடைக்காது. படத்தை அனுப்பிவிட்டால் போதும், பழைய பெயர், பழைய மரியாதை, எல்லாம் ஒரு நொடியில் திரும்பிவிடும். சோமனின் கட்டைவிரல் அனுப்பும் அம்புக்குறிமேல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு குடையை விரித்துக்கொண்டு முற்றத்து வெள்ளத்தில் இறங்கிச் சாய்ப்பை நோக்கி நடந்தார். ரோஸியின் வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்த எமில்டா திரும்பிப் பார்த்தாள். "கோனார் அனுப்பினதாக்கும்" என்று கைபேசியை நீட்டினார். "எனக்குப் பாத்தா எல்லாம் புல்லாத்தான் தெரியுவு. புல்லா, கொழிஞ்சியா, நீ பாத்துச் சொல்லு."

அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சாய்ப்பின் ஒழுகலுக்கு வெளியே, வெளிச்சம் இருந்த பக்கம் வந்து நின்று, திரையில் இரண்டு விரலை வைத்து அகட்டினாள், இன்னும் அகட்டினாள். சோமன் கையை முழுக்க நீட்டி, திரையில் ஒரு துளி விழாதபடி குடையை அதன்மேல் பிடித்தார். மழை அவர் தலையில் பெய்துகொண்டிருந்தது.