அமிர்தலிங்கம் அண்ணன் கலக்காத தீவனம்

போன வாரம் அம்பகரத்தூரில் ஆடு வளர்ப்போர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். "ஆட்டு வயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாத சனங்க. நாம போடுற தீனி முதல்ல அதுங்களுக்குத்தான், அப்புறந்தான் ஆட்டுக்கு" என்றதும் எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். அப்போதுதான் மேசை மேல் இருந்த கைபேசி அதிர்ந்தது. மண்டபத்தூரிலிருந்து அமிர்தலிங்கம் அண்ணனின் மகள். "அப்பா காலைல போயிட்டாங்க டாக்டர்."

நான் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த வாக்கியம் அவருடையது. இத்தனை வருடங்களில் ஒரு கூட்டத்திலும் அது அவருடையது என்று நான் சொன்னதில்லை. ஆனால் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் இதுதான் சின்னது. பெரியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் கல்லூரி ஆட்டுக் கொட்டகையில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

அண்ணன் படகுக்கார வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போனால் குடலைப் பிடுங்கும் வாந்தி என்பதால் உதவியாளர் வேலைக்கு வந்தவர். "மீன்காரருக்கு ஆட்டப் பத்தி என்னங்க தெரியும்?" என்று நாம் சீண்டாத நாள் கிடையாது. அவரோ ஒரு புழுக்கையை எடுத்து முகர்ந்துவிட்டு, "நேத்து இது கருவேலங்காய் தின்னுருக்கு" என்பார். விசாரித்தால் சரியாக இருக்கும். ஆட்டின் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுச் சாறு எடுத்த நாட்களில் அந்த நாற்றத்துக்குப் பேருந்தில் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். "நமக்கு எப்பவும் ரெண்டு சீட்டு" என்று அதற்கும் சிரிப்பார்.

என் முனைவர் பட்ட ஆய்வு நம் கொட்டகையில்தான் நடந்தது. புல் தின்று வளர்ந்த ஆட்டுக்குத் தானியத் தீனி கொடுத்தால் வயிற்றிலுள்ள பாக்டீரியாக்கள் எப்படி மாறுகின்றன என்பது பொருள். விழிதியூர் சகுந்தலா அக்கா எட்டு ஆடுகள் தந்தார். என்னை நம்பித் தரவில்லை. "அமிர்தலிங்கம் பாத்துக்குவாருன்னா ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

தினம் ஒரு கைப்பிடி கூட்டி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வர வேண்டும் என்பது திட்டம். புல்லைச் செரிக்கும் கூட்டம் மெல்ல ஒதுங்கி, மாவைத் தின்னும் கூட்டம் மெல்லப் பெருக அவ்வளவு நாள் தேவை. அவசரப்பட்டால் வயிற்றில் புளிப்பு ஏறி ஆடு செத்துவிடும். இதை ஆய்வுத் திட்டத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன். மகளின் நிச்சயதார்த்தத்துக்காக அண்ணன் மூன்று நாள் விடுப்பில் போனார். போகும்போது, "கைப்பிடிய மட்டும் மீறிடாதீங்க டாக்டர்" என்றார். அந்த நேரம் பார்த்து மாதிரிகளைச் சோதிக்கும் இடத்தில், அனுப்புவதானால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள் என்றார்கள். இரண்டு வாரம் காத்திராமல், முழு அளவு மக்காச்சோளத்தையும் நொய்யையும் ஒரே நாளில் நானே கொட்டினேன்.

திரும்பி வந்தவர் ஒரு ஆட்டின் இடது விலாவை அழுத்தினார். குடத்துத் தண்ணீர் போல உள்ளே தளும்பியது. உடனே கொட்டகையில் நன்றாக இருந்த மற்ற ஆடுகளின் வயிற்றுச் சாற்றை எடுத்து, துணியில் வடிகட்டி, சோடா உப்புக் கரைசலோடு எட்டுக்கும் புகட்டினார். "ஊரு அழிஞ்சு போச்சு. புதுசா குடி வைக்கிறேன்" என்றார். ஐந்து பிழைத்தன. மூன்று போய்விட்டன.

விசாரணை வந்தது. விடுப்பில் போகுமுன் உதவியாளர் கலந்து வைத்த தீவனத்தில் அளவு தவறிவிட்டது என்று அறிக்கை எழுதினேன். அண்ணன் அதைப் படித்துவிட்டு, "நான் கலக்கலையே டாக்டர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். "சும்மா காகிதந்தாண்ணே, பட்டம் வந்ததும் மாத்திடுறேன்" என்றேன். பட்டம் வந்தது. அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். விழிதியூரில் அதன் பிறகு ஒருவரும் அவரைத் தங்கள் ஆட்டைத் தொட விடவில்லை. பணி ஓய்வு விழாவில் மாலையும் கழுத்துமாக என் பக்கம் குனிந்து, "அந்தக் காகிதத்த மாத்திட்டீங்களா?" என்றார். "பாக்குறேண்ணே" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. வெட்கங்கெட்ட நான், விட்டது தொல்லை என்றுகூட நினைத்தேன்.

துக்க வீட்டுக்குச் சகுந்தலா அக்கா வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மனுசன்னா ஒரு நாள் கை தவறாதாங்க? அதுக்காக நான் அவரோட மூஞ்சி குடுத்தே பேசலையே. எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்னு இப்பதான் அவரு கால்மாட்டுல சொல்லிட்டு வர்றேன்." பக்கத்தில் நின்ற அண்ணனின் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை வாய் வரை வந்தது. அங்கேயும் பேசாமல் நின்றுவிட்டு வந்தேன்.

அறிக்கையைத் திருத்தச் சொல்லி நேற்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், அவர் மேல் நான் ஏற்றிய இந்தப் பழியைத்தான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வேறு எதையும் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. சகுந்தலா அக்கா, நாளைக் காலை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் மன்னித்தது தவறே செய்யாத ஒருவரை.