பசான் மெட்டில் ஒல்லாந்துச் சொல்

இன்னாசித்தம்பி மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். கோவில் மூப்பர் என்றால் ஒரு பெண்ணின் வாயைப் பூட்டலாமா?

என் மருமகள் யசிந்தாவைப் பற்றித்தான் சொல்கிறேன். தபசு காலத்தில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லிப் பெண்கள் கூடி இழுத்துப் பாடுகிற பசானில், எங்கள் குருநகரில் முதற்குரல் அவளுடையது. அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு மூச்சு வரும்.

கலியாணம் கட்டிய மறு வருஷமே என் மகன் சிமியோன் ஒல்லாந்துக்கு ஓடிவிட்டான். தொண்ணூற்றிரண்டில் ஆள் கையில் ஒரு கசற் அனுப்பினான். “இஞ்சை வரமுந்தி உந்தச் சொல்லுகளைப் பழகு. ஊமை மாதிரி இருக்கேலாது,” என்றுவிட்டு, வெறும் சொற்களாகவே பேசியிருந்தான். பெண்சாதியிடம் சுகம்கூடக் கேட்கவில்லை, பாவி!

சண்டைக் காலத்தில் மின்சாரம் ஏது? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் கசற் ரேடியோ பேசியது.

‘ஸீக்கன்ஹௌஸ்’ என்றால் ஆசுப்பத்திரி. ஸீ, கன், ஹௌஸ் என்று யசிந்தா வெட்டினாள். “நோயாளியையும் வீட்டையும் ஒட்டின சொல்லு, மாமி.” அடுத்தது ‘வெர்பிளைஃப்ஸ்வெர்குன்னிங்’. அங்கே தங்குவதற்கு அனுமதியாம். தங்குவது ஒரு சொல், அனுமதி ஒரு சொல், நடுவில் ஒரு ‘ஸ்’. இரண்டு வலைத்துண்டைப் பொருத்தப் போடுகிற முடிச்சு மாதிரி. எழுத்தறியாத எனக்கே விளங்கியது. ஆனால் ஐந்தாக வெட்டியும் அவள் நாக்கில் நிற்கவில்லை. கடைசியில் பசான் மெட்டில் இழுத்தாள்: வெ…ர், பிளைஃப்ஸ், வெ…ர், குன், னிங். நின்றுவிட்டது.

வேலிக்கு அப்பால் குடியிருக்கும் மூப்பருக்கும் கேட்டுவிட்டது.

“மார்கிரட்டக்கா, உங்கடை மருமேள் ஆண்டவற்றை பாட்டை ஒல்லாந்தனுக்கு வித்துப்போட்டாள். எங்கடை வேதத்தைத் தடுத்து, பூட்டன்மாரை ஒளிச்சு நிண்டு செபிக்க வைச்சவங்கடை பாஷை உது! பெரிய வெள்ளிக்கு உவள் பாடக்கூடாது.”

“அப்ப நீ கக்கூசுக்கும் போகாதை தம்பி. அதுவும் அவங்கள் ஒட்டித் தந்த ‘கக்ஹௌஸ்’தான். கடைசியிலை நிக்கிறது அதே ‘ஹௌஸ்’, அதே வீடு.”

யசிந்தா சிரிக்கவில்லை. “அடுத்த தபசுக்கு நான் இஞ்சை இல்லை, மாமி. கடைசியா ஒருக்கால் பாடவேணும்,” என்றாள்.

பெரிய வெள்ளி வந்தது. மூப்பர் மரியநாயகியை முதற்குரல் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த லூர்த்தம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தானும் மூடிக்கொண்டாள். பின்னால் இருந்தவர்களும் அப்படியே. மரியநாயகியின் குரல் தனியே நின்று தடுமாறியது.

“எனக்கேலாது. யசிந்தா, நீ எடடி!”

யசிந்தா எழும்பினாள். கோவிலே அழுதது. மூப்பரும் சால்வையால் கண்ணைத் துடைத்தார். பிறகாவது அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா? இல்லை.

அவள் போய் ஒரு வருஷம். அங்கே தனிக்குரலில் பாடிய பசான் கசற்றில் வந்திருக்கிறது. இன்னாசித்தம்பிக்குக் கேட்க ஆசையாம், ஆள் விட்டார். முதலில் அவளுக்குக் கடிதம் போட்டு மன்னிப்புக் கேட்கட்டும். பெடலைச் சுற்றும்போது வேலிக்கு அப்பால் அவருடைய இருமல் கேட்டால், நான் கையை எடுத்துவிடுகிறேன்.